நடுக்குவாதமும் குடலும்

லண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவத் தொழில் செய்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817-ஆம் ஆண்டில் 66 பக்கங்களே கொண்ட ஒரு சிறு நூலை வெளியிட்டார். நடுக்குவாதம் என்னும் நோயே அதன் பொருள். அதில் அவர் விவரித்த நோயாளிகள் அறுவர். அவர்களுள் இருவரைத் தெருவிலே தற்செயலாகச் சந்தித்து வினவி அறிந்தார். இன்னொருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. இத்துணைச் சிறிய சான்றை வைத்துக்கொண்டு அவர் எழுதிய வருணனை 200 ஆண்டுகளுக்குப் பின்னும் பொய்க்கவில்லை. ஓய்ந்திருக்கும் கையில் தோன்றும் நடுக்கம், முன்னோக்கி வளையும் உடல், நடக்கத் தொடங்கினால் ஓட்டமாக மாறிவிடும் நடை ஆகியவற்றை அவர் காட்ட, மருத்துவ உலகம் போற்றி ஏற்றுக்கொண்டது.

அதே நூலில், பிற்காலத்தார் அவ்வளவாக எடுத்துப் பேசாத சில வரிகளும் உள. நோயாளிக்கு உணவை விழுங்குதல் அரிதாகிறது. எச்சில் வாயினின்று வழிகிறது. முன்பிருந்தே மந்தமாயிருந்த குடல், நோய் முற்றியபின் கடுமையான பேதி மருந்துக்கே இணங்குகிறது. சிலவேளை அதுவும் போதாமல் கருவியின் துணை வேண்டியிருக்கிறது. இவற்றைக் குறித்ததோடு பார்க்கின்சன் நிற்கவில்லை. வயிறும் குடலும் கெட்டிருத்தல் தண்டுவடத்தில் நோயை விளைவிக்கக்கூடும் என்றும், அத்தொடர்பு எவ்வழியாக ஏற்படுகிறதெனத் தம்மால் காட்ட இயலாவிடினும் அது நிகழத்தக்கதே என்றும் எழுதினார். நோயின் இருப்பிடம் கழுத்துப் பகுதித் தண்டுவடமே என்று அவர் கருதியது தவறாயிற்று. குடலைப் பற்றிய அவருடைய ஐயமோ ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, இப்போதுதான் மீண்டும் ஆராயப்படுகிறது.

கேட்பாரற்றுக் கிடந்ததற்குப் பெயரும் ஒரு காரணம் எனலாம். நடுக்கம், வாதம் என்னும் இரு சொற்களும் கண்ணுக்குத் தெரியும் கை கால்களையே சுட்டுகின்றன. பாரிஸ் நகரில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஆசிரியராயிருந்த சார்க்கோ, நோயாளிகள் எல்லாரும் நடுங்குவதில்லை, வாதமுற்றார்போல் வலுவிழப்பதுமில்லை என்று கண்டு அப்பெயரை மறுத்தார். பார்க்கின்சன் நோய் எனலே தக்கது என்றார். தமிழில் வழங்கும் நடுக்குவாதம் என்னும் சொல் சார்க்கோ மறுத்த பெயரின் நேர் வடிவமே. ஆயினும் சார்க்கோவின் மருத்துவமும் குடலை எண்ணிப் பார்க்கவில்லை. பெல்லடோனா இனத்துச் செடிகளின் சத்தை அவர் நோயாளிகளுக்குக் கொடுத்தார். அது நடுக்கத்தை ஓரளவு தணிக்கும். எச்சிலையும் வற்றச் செய்யும். அதே சமயம் மந்தமான குடலை இன்னும் மந்தமாக்கும். கை நிற்பதற்காகக் குடல் கட்டுப்பட்டது.

1912-ஆம் ஆண்டில் பிரீட்ரிக் லெவி என்னும் ஜெர்மானிய அறிஞர், இந்நோயால் இறந்தோரின் மூளையை நுண்பெருக்கியால் ஆராய்ந்தபோது நரம்பணுக்களுக்குள் உருண்டையான சில திரள்களைக் கண்டார். அவர் அவற்றைக் கண்ட இடங்களுள் ஒன்று, வேகஸ் நரம்பு தோன்றும் மூளைத்தண்டுப் பகுதி. வேகஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். மூளையினின்று இறங்கி நெஞ்சு, இரைப்பை, குடல் எனச் சென்று கிளைக்கும் நரம்பு அது. செரிமானத்தை ஆளும் நரம்பின் மூலத்திலேயே நோயின் சுவடு கிடைத்தும் அதன் பொருள் விளங்கவில்லை. 1919-இல் பாரிஸில் திரெத்தியாகோவ், நடுமூளையில் கருநிறமாயுள்ள ஒரு சிறு பகுதி இந்நோயாளிகளிடம் வெளிறித் தேய்ந்திருப்பதைக் காட்டினார். லெவி கண்ட திரள்களுக்கு அவர் பெயரைச் சூட்டியவரும் இவரே. அதன்பின் ஆராய்ச்சியாளர் கண்களெல்லாம் அக்கரும்பகுதிமேல் சென்றன.

அக்கரும்பகுதி செய்யும் வேலை யாது என்பதைக் காட்டியது வேதியியல். இந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிய சர்ப்பகந்தி வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் பொருளை 1952-இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தனர். குருதிக் கொதிப்புக்கு அதை உண்டவர்களுள் சிலருக்கு நடுக்குவாதம் போன்ற குறிகள் தோன்றின. சுவீடனில் அர்வித் கார்ல்சன் ரெசர்ப்பினை முயல்களுக்குச் செலுத்தினார். அவை காது தொங்க அசைவற்றுக் கிடந்தன. பின்னர் எல்-டோப்பா என்னும் பொருளைச் செலுத்தவே சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. இது 1957-இல் வெளியாயிற்று. எல்-டோப்பா மூளைக்குள் சென்று டோப்பமைனாக மாறுகிறது. டோப்பமைன் இன்றேல் இயக்கம் இல்லை. இக்கண்டுபிடிப்புகளுக்காகக் கார்ல்சன் 2000-ஆம் ஆண்டு நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச், எரிங்கர் இருவரும், இறந்த நோயாளிகளின் மூளைக்கூறுகளைச் சோதித்தனர். டோப்பமைன் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் சோதனை அது. நோயற்றோர் கூறு சிவந்தது. நோயாளியின் கூறு பெரும்பாலும் நிறமின்றியே நின்றது. கருவி வேண்டாமல் கண்ணாலேயே உண்மை தெரிந்தது. மறு ஆண்டே மருத்துவர் பிர்க்மேயர் எல்-டோப்பாவை ஊசிவழி செலுத்த, படுக்கையைவிட்டு எழமுடியாதிருந்தோர் சில மணி நேரம் எழுந்து நடந்தனர்.

மூளை நோய்க்கு மூளை மருந்து கிடைத்துவிட்டது என்று அப்போது பலர் எண்ணினர். ஆனால் மருந்து வாய்வழி செல்ல வேண்டும். இடையில் இருப்பது வயிறு. இதை முதலில் உணர்ந்தவர் பேசல் நகரத்து மார்க்குஸ் குக்கன்ஹைம். அவர் 1913-இலேயே அகன்ற அவரை என்னும் பயற்றிலிருந்து எல்-டோப்பாவைப் பிரித்து, 2.5 கிராம் தாமே விழுங்கிப் பார்த்து, கடும் வாந்தியால் துன்புற்றார். 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்தனர். நடுக்குவாதத்துக்கு அது மருந்தாகும் என்பது அப்போது உலகில் எவருக்கும் தெரியாது. தமிழ்நாட்டு வேலிகளில் படர்ந்து தினவூட்டும் அக்கொடி இவ்வரலாற்றில் ஓர் இடம் பெற்றிருப்பது தமிழாசிரியர் பலர் அறியாதது. விதையில் உள்ள அளவு விதைக்கு விதை வேறுபடும் ஆதலின், அதைத் தாமே அரைத்துண்பது தீங்காகலாம்.

வாந்திக்குக் காரணம் எளிது. எல்-டோப்பாவின் பெரும்பகுதி மூளையை அடையுமுன் குடலிலும் குருதியிலும் டோப்பமைனாகிவிடுகிறது. அவ்வாறு ஆன டோப்பமைன் மூளைக்குள் நுழையாது. குமட்டலை எழுப்பும் இடத்தை மட்டும் தூண்டும். நியூயார்க் மாநிலத்தில் கோட்சியாஸ் என்பார் சிறு அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உயர்த்தி, உடலைப் பழக்கி வெற்றி கண்டார். 1967-இல் அதை வெளியிட்டார். பின்னர் அவ்வீண் மாற்றத்தைத் தடுக்கும் கார்பிடோப்பா சேர்க்கப்பட்டது; எல்-டோப்பா முன்னினும் நான்கில் ஒரு பங்கே போதுமானது. அக்கலவை மருந்தின் வணிகப் பெயரான சினமெட் என்பது, வாந்தியின்றி என்னும் பொருள்தரும் சொற்களால் ஆனது. மூளை மருந்தொன்று வயிற்றுத் துன்பம் நீங்கியதைத் தன் பெயராகச் சூடிக்கொண்டது வேடிக்கையே.

இதற்கிடையில் லெவியின் திரள்கள் வேறிடத்திலும் தென்பட்டன. 1980-களில் உணவுக்குழாய், குடல் ஆகியவற்றின் சுவரிலுள்ள நரம்பு வலைகளிலும் அவை இருத்தல் கண்டறியப்பட்டது. அத்திரள்களில் முதன்மையாக இருப்பது ஆல்பா-சைனூக்ளின் என்னும் புரதம் என்பது 1997-இல் தெளிவாயிற்று. ஹவாய்த் தீவுகளில் 6,790 ஆடவரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வு, நாளுக்கு ஒரு முறையேனும் மலங்கழியாதாரிடம் பிற்காலத்தில் இந்நோய் மிகுதியாகத் தோன்றியதைக் காட்டியது. மலச்சிக்கலைக் குறித்துக்கொண்டதற்கும் நோய் தோன்றியதற்கும் இடையே சராசரி 12 ஆண்டு. மலச்சிக்கல் உடையாருள் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

2003-இல் ஜெர்மனியின் ஹைக்கோ பிராக், நோய் குடலிலோ மூக்கிலோ தொடங்கி, வேகஸ் நரம்பின் வழியே மேலேறிப் பின்னரே கரும்பகுதியை அடைகிறது எனக் கருத்துரைத்தார். இரைப்பைப் புண்ணுக்காக வேகஸ் நரம்பின் அடித்தண்டை அறுத்துக்கொண்டவர்களின் பழைய பதிவேடுகளை டென்மார்க்கில் ஆராய்ந்தபோது, அவர்களிடம் இந்நோய் ஓரளவு குறைந்திருந்தது. இது 2015-இல் வெளியாயிற்று. ஆனால் இறந்தோர் மூளைகள் யாவும் பிராக் கூறிய வரிசைக்கு இணங்கவில்லை. சிலரிடம் உடலில் தொடங்கி மேலேறுகிறது, சிலரிடம் மூளையிலேயே தொடங்கிக் கீழிறங்குகிறது என்பாரும் உளர். வழக்கு இன்னும் முடியவில்லை. நோயை நிறுத்தும் மருந்தும் இன்னும் கிட்டவில்லை.

நோயாளியின் அன்றாட வாழ்வில் இவ்வழக்கின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எல்-டோப்பா சிறுகுடலில்தான் உட்கொள்ளப்படுகிறது. இரைப்பை மந்தமானால் மாத்திரை அங்கேயே கிடக்கும். குறித்த நேரத்தில் எழுந்து நடக்கவேண்டியவர் நாற்காலியிலேயே இருப்பார். புரதம் மிக்க உணவோடு உண்டால், அப்புரதத்தின் கூறுகளும் எல்-டோப்பாவும் ஒரே வாயிலில் நெருக்கும். குடலில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா மருந்தை முன்னதாகவே டோப்பமைனாக்கி வீணடிக்கக்கூடும் என்பதும் 2019-இல் வெளியாயிற்று. ஆயினும் மருத்துவரிடம் கை நடுக்கத்தைக் காட்டும் முதியவர் பலர், மலச்சிக்கலைச் சொல்ல நாணுகின்றனர். வயதின் இயல்பு என்று வீட்டாரும் விட்டுவிடுகின்றனர். மருந்தின் அளவு போதவில்லையா, மருந்து போய்ச் சேரவில்லையா என்று மருத்துவர் பிரித்தறிவதற்கு அவர்கள் சொல்லாமல் விடும் அச்செய்தி தேவைப்படுகிறது.