குருந்தம் முதல் பிளாட்டினம் வரை

பள்ளிபாளையத்து விசைத்தறிகளின் ஓசைக்கு நடுவே தமிழ் பயிற்றும் நாம், கனிமத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஒரு சொல்தான் நம்மை இதற்குள் இழுத்தது. சாணை பிடிக்கப் பயன்படும் குருந்தக்கல்லின் தமிழ்ப் பெயரே, 'கொரண்டம்' என்னும் வடிவில் உலகக் கனிமவியல் நூல்களில் வழங்கி வருகிறது. அக்கல் கிடைத்த ஊர்களுள் ஒன்று நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. 1798இல் சார்லஸ் கிரேவிலும் 1802இல் பூர்னோன் பிரபுவும் இலண்டன் இராயல் சொசைட்டியின் இதழில் குருந்தத்தைப் பற்றி விரிவாக எழுதினர். சொல்லும் கல்லும் கடல் கடந்தன. தோண்டிய மண்ணுக்கு என்ன மிஞ்சியது என்னும் கேள்வி இங்கேயே தங்கிவிட்டது.

கனிமத்தைக் காட்டித் தொழிலை அழைப்பது அரசுகளுக்குப் புதிதன்று. சேலத்துக் கம்பெனி அலுவலராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், இவ்வட்டாரத்துக் கொல்லர்களின் எஃகுத் திறனையும் மலைகளில் குவிந்துகிடந்த இரும்புக்கல்லையும் கண்டு பதவியைத் துறந்தார். 1830இல் பரங்கிப்பேட்டையில் உலை அமைத்தார். சென்னை அரசாங்கம் அவருக்குத் தனியுரிமையும் தந்தது, கடனும் தந்தது. சேலத்துக் கல் பரிசல்களில் ஏறி ஆற்றுவழியே கடற்கரை சென்றது. பிற்காலத்தில் நம்மூருக்கு மேலே, காவிரிக்கரைப் பூலாம்பட்டியிலும் உலை எழுந்தது.

அவ்வுலைகளுக்கு நிலக்கரி இல்லை, மரக்கரியே உணவு. அருகிலிருந்த காடு அழிய அழிய, கரி தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று, செலவு ஏறியது. கல் தீரவில்லை, காடு தீர்ந்தது. ஹீத் பொருளிழந்து இங்கிலாந்து திரும்பினார். எஃகு வார்ப்பில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839இல் அவர் பெற்ற காப்புரிமையால் ஷெஃபீல்டு செழித்தது. அவரோ வழக்காடியே 1851இல் மறைந்தார். கம்பெனியும் 1870களில் இல்லாதொழிந்தது. தனியுரிமை அளித்தவர்கள் கல்லை எண்ணினார்கள், கரியை எண்ணவில்லை.

அடுத்த அழைப்பு மக்களின் குரலாகவே எழுந்தது. அண்ணா முதலமைச்சராயிருந்த 1967இல், சேலம் உருக்காலை கேட்டுத் தமிழகம் எழுச்சி நாள் கொண்டாடியது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலைக் கல்லும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் கூடும் என்பது தொடக்கக் கனவு. 1981இல் ஆலை இயங்கத் தொடங்கியபோது அது வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக்கும் ஆலையாக இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்த கஞ்சமலைக் கல் மலையிலேயே கிடந்தது. ஆயினும் இதைத் தோல்வி என்று நாம் சொல்லமாட்டோம். கல் உருகாவிட்டாலும் சேலத்துத் துருப்பிடிக்காத எஃகு பெயர் பெற்றது. பல குடும்பங்கள் பிழைத்தன. தொழிலை நிலைநிறுத்தியது மண்ணிலிருந்த கனிமம் அன்று, கற்றுக்கொண்ட கைத்திறன் என்பதே இதன் பாடம்.

இப்போது மீண்டும் சித்தம்பூண்டி. அங்குள்ள குரோமைட் அடுக்குகளில் பிளாட்டினம் குழு உலோகங்கள் இருப்பதைப் புவியியலாளர் கண்டிருக்கின்றனர். 2023இல் இந்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இக்குழுவும் உண்டு. அதே ஆண்டுச் சட்டத்திருத்தம் இவற்றை ஏலம் விடும் உரிமையை ஒன்றிய அரசுக்கு அளித்தது, வருவாய் மாநிலத்துக்கு. ஏலமும் வருவாயும் இரு கைகளில் இருப்பதன் சிக்கலை மதுரை காட்டியது. அரிட்டாபட்டிப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் ஏலத்தை எதிர்த்து 2024 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது.

பிளாட்டினம் டன்னுக்குச் சில கிராம் அளவிலேயே கிடைக்கும் உலோகம். எஞ்சும் பாறைப்பொடி முழுவதும் ஊரிலேயே குவியும். அதை அரைக்கவும் கழுவவும் நீர் வேண்டும். ஹீத்துக்குக் கரி எதுவோ, நமக்கு நீர் அது. நாமக்கல்லின் மானாவாரிக் காடுகளில் உழுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதே சித்தம்பூண்டிப் பாறை வேறொரு வகையிலும் பயன்பட்டது. நிலவின் மண்ணை ஒத்த பொடியை இஸ்ரோ அதிலிருந்து உருவாக்கி, சந்திரயான் தரையிறங்கிக் கலத்தின் சோதனைகளுக்குக் கையாண்டது. மலையைக் கரைக்காமல், அறிவைச் சேர்த்ததனால் விளைந்த பெருமை அது.

எனவே அழைப்பே வேண்டாம் என்பது நம் வாதமன்று. உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஆலையும் ஆய்வுக்கூடமும் எங்கே அமையும், நீர் எங்கிருந்து வரும், பொடிக்குப் பொறுப்பு யார் என்பவை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் உழவர் வீட்டுப் பிள்ளைகள், தம் ஊர்க் கல்லை லாரியில் ஏற்றுபவர்களாக மட்டும் அன்றி, அதை ஆராய்பவர்களாகவும் இருக்க வேண்டும். குருந்தம் என்று அதற்குப் பெயரிட்டவர்களின் வழிவந்தோருக்கு இது பெரிய கோரிக்கை அன்று.