எண்களின் தொகுப்பும் பேரரசும்: மீப்பகுப்பாய்வின் தோற்றம் குறித்துச் சில சிந்தனைகள்

தனித்தனியே நிகழ்ந்த பல ஆய்வுகளின் எண் முடிவுகளை ஒன்றுசேர்த்து, அவற்றிலிருந்து ஒரு பொது மதிப்பீட்டைப் பெறும் முறை மீப்பகுப்பாய்வு எனப்படுகின்றது. இதற்கு 1976இல் பெயரிட்டவர் அமெரிக்கக் கல்வியியலாளரான ஜீன் கிளாஸ். பெயர் பிந்தியதேயன்றி முறை அன்று. பாடநூல்கள் பெரும்பாலும் இதனைக் கணித அறிவின் படிமுறை வளர்ச்சியாகவே காட்டுகின்றன. எத்தேவையின் பொருட்டு, எவரை எண்ணி இது உருவாயிற்று என்னும் வினாவையே நாம் ஈண்டு எழுப்ப விரும்புகிறோம்.

1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடைபெற்ற போயர் யுத்தத்தில், எதிரியின் குண்டுக்குப் பலியானோரை விட நோயால் மாண்ட பிரித்தானியச் சிப்பாய்களே அதிகம். நோய்களுள் தலையாயது நெருப்புக் காய்ச்சல். அதற்கென அல்ம்றொத் றைற் உருவாக்கிய தடுப்பூசி, விரும்பி முன்வந்த சிப்பாய்களுக்கு மாத்திரம் ஏற்றப்பட்டது. அது பயன் தந்ததா என்பதை அறிய இராணுவ மருத்துவப் பிரிவு தன் புள்ளிவிபரங்களை இலண்டனிலிருந்த கார்ல் பியர்சனிடம் ஒப்படைத்தது. அவரது அறிக்கை 1904 நவம்பரில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று.

லேடிஸ்மித் காவற்படை, மெதுவனின் படையணி, இந்தியாவிலிருந்த படை முதலிய தொகுதிகளுக்குத் தனித்தனியே இணைபுக் குணகங்களைக் கணித்த பியர்சன், பின்னர் அவற்றின் சராசரியை எடுத்தார். நோய்த் தடுப்பில் அது ஏறத்தாழ 0.23; நோயுற்றோர் உயிர் தப்புவதில் 0.19. லேடிஸ்மித்தில் 0.445 ஆக இருந்த தடுப்புக் குணகம் தனிப் படைப்பிரிவுகளில் 0.021 ஆக வீழ்ந்தது. இம்முரண்பாட்டை அவர் மறைக்கவில்லை. ஊசியேற்ற முன்வந்தோர் இயல்பிலேயே கூடிய எச்சரிக்கையுடையோராக இருக்கலாம் எனச் சுட்டினார். முன்வருவோர் அனைவரையும் பதிந்து, இரண்டாவது ஆள் ஒவ்வொருவருக்கும் மாத்திரம் ஊசியேற்றிப் பார்க்கலாமென்றும் யோசனை கூறினார். றைற் இதனைக் கடுமையாக எதிர்த்தார். (1881இல் மார்க்சின் ‘மூலதனம்’ நூலை ஆங்கிலத்திற் பெயர்க்க விரும்பி மார்க்சுக்கே கடிதம் எழுதிய இளைஞரும் இதே பியர்சன்தான். பின்னாளில் அவர் இனமேம்பாட்டியலின் முதன்மைப் பிரசாரகரானமை தனியே ஆராயப்படவேண்டியது.)

பியர்சனின் கணக்கில் நாம் குறைகாண்பதற்கில்லை. ஆனால் அவ்வட்டவணையில் இடம்பெற்றோர் படையினர் மாத்திரமே. அதே யுத்தத்தில் பிரித்தானியர் அமைத்த தடுப்பு முகாம்களில் ஏறத்தாழ 28,000 போயர்கள், பெரும்பாலும் சிறுவர்கள், மாண்டனர். அவர்களைக் கொன்ற நோய்களில் நெருப்புக் காய்ச்சலும் ஒன்று. கறுப்பின மக்களுக்கான முகாம்களில் மாண்டோரின் பதிவுகளோ அரைகுறையானவை. பதிவானோர் மட்டுமே 14,000 பேருக்கு மேல். பேரரசுக்குப் பயன்படும் உடல்களே எண்ணத்தக்கனவாயின.

இம்முறையை நிராகரிப்பது எமது நோக்கமன்று. குறைமாதப் பிரசவத்தை எதிர்நோக்கும் தாய்மாருக்கு ஸ்ரீரொயிட் வழங்கினால் சிசுக்கள் பிழைக்குமென 1972இல் நியூசிலாந்தில் வெளியான ஆய்வு காட்டியது. எனினும் பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பாய்வு 1990இல் வெளிவந்த பின்னரும் அச்சிகிச்சை பரவுவதற்குக் காலம் பிடித்தது. சேர்த்து நோக்காமையின் விலை சிசுக்களின் உயிர்.

இன்று ஒவ்வோர் ஆய்வுக்கும் அதன் மாறற்றிறனுக்கு நேர்மாறான நிறையை வழங்கி, ஆய்வுகளுக்கிடையிலான வேறுபாட்டையும் றெவ்மன், மெற்றாஃபோர் போன்ற மென்பொருள்கள் நொடியில் அளந்து தருகின்றன. உள்ளே இடப்படாத ஆய்வை அவற்றால் நிறுக்கவியலாது. டமிஃபுளூ என்னும் மருந்து சளிச்சுரத்தின் சிக்கல்களைக் குறைக்கும் என 2003இல் ஒரு தொகுப்பாய்வு கூறிற்று. அதிற் சேர்க்கப்பட்ட பத்து ஆய்வுகளுள் இரண்டே சஞ்சிகைகளில் வெளிவந்திருந்தன. எஞ்சியவை உற்பத்தி நிறுவனமான றோச்சின் உடைமையாகவே இருந்தன. பல்லாண்டு வற்புறுத்தலின் பின்னரே முழு அறிக்கைகள் ஆய்வாளர் கைக்கு வந்தன. 2014இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வின்படி, வளர்ந்தோரில் நோய்க்குறிகள் நீடிக்கும் காலம் 16.8 மணித்தியாலம் குறைந்தது. வைத்தியசாலை அனுமதி குறைந்தமைக்குச் சான்று கிட்டவில்லை. அதற்குள் பிரித்தானிய அரசு மட்டும் அம்மருந்துக்கெனச் செலவிட்ட பொதுப்பணம் 42 கோடி பவுணுக்கு மேல்.