சிசுவின் சீலையும் பனங்களியும்

பச்சிளங் குழந்தையின் உடலைத் துடைப்பதற்கு மெல்லிய ஈரத்துணி வேண்டும் என்பதில் எந்நாட்டுத் தாய்மாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. அத்துணி எங்கிருந்து வருவது, அதனை மீண்டும் தூய்மையாக்குவது யார், எதனைக் கொண்டு என்பனவே நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் வேறுபட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகள் அந்நாட்டின் வரலாற்றையே ஒரு மூலையிலிருந்து காட்டுவன.

பிள்ளைப்பேறு நெருங்கும் மாதத்தில் பழைய வேட்டிகளும் நூற்சேலைகளும் பெட்டகத்திலிருந்து வெளியே வரும். புதுத்துணியை எவரும் நாடார். அதன் கஞ்சிப்பசையும் முரட்டுத்தன்மையும் சிசுவின் தோலுக்கு ஆகா. பல்லாண்டு தோய்த்துத் தோய்த்து நைந்த நூல்தான் நீரை விரைந்து உறிஞ்சும், உராயாது. பெரிய துண்டு ஏணைக்கும், நடுத்தரமானது குழந்தையைச் சுற்றி அணைப்பதற்கும், சிறுதுண்டுகள் துடைப்பதற்கும் என வகுக்கப்பட்டன. ஒட்டிக்கொண்ட அழுக்கை வெறும் நீரால் தேய்ப்பதில்லை; தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் முதலில் இளக்கி, பின்னர் இளஞ்சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுப்பர். கடையில் இன்று விற்கும் ஈரத்தாளின் வேலை முழுவதும் இவ்விரு துணிகளில் அடங்கியிருந்தது.

அழுக்குற்ற சீலைகளைத் தூய்மையாக்கும் பொறுப்பு, குறிப்பாகத் துடக்குக் காலமாகிய 31 நாள்களில், கட்டாடிமார் எனப்பட்ட சலவைத் தொழிலாளர் குடும்பங்களைச் சார்ந்திருந்தது. உவர்மண்ணின் காரத்தில் ஊறவைத்து, வெள்ளாவியில் ஏற்றி அவித்து, வெயிலில் உலர்த்துவது தமிழ்ச் சலவைத் தொழிலாளரின் பழைய முறை. நோய்க்கிருமி பற்றிய அறிவியல் பரவுவதற்கு நெடுங்காலம் முன்னரே, கொதிநீராவியால் கிருமியை ஒழிக்கும் தொழிலை அவர்கள் செய்துவந்தனர். பிறந்த சிசுவின் உயிரைக் காத்த இக்கைகளுக்குரியோருக்குக் கோவில் வாசல்கள் அடைபட்டிருந்தன என்பதையும் மறைத்துச் சொல்வதற்கில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது.

மேனாட்டு மருத்துவம் 19ஆம் நூற்றாண்டில் இங்கு வேரூன்றியது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பிரசவ வைத்தியம் பற்றிய நூலொன்றும் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் மருத்துவமனை எழுந்தது.

சவர்க்காரம் நாளடைவில் வீடுதோறும் புகுந்தது. யாழ்ப்பாணத்திலேயே உற்பத்தியான மில்க்வைற் சவர்க்காரமும், அதன் அதிபர் கனகராசாவும் மக்களிடையே நன்கறியப்பட்டிருந்தனர். பனை விதைகளை நடுமாறு ஊரெங்கும் ஊக்கியவரும் அவரே. ஆயினும் ஓர் இடையூறு என்றும் இருந்தது. குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல்லால் ஆனது, கிணற்றுநீர் வன்னீர். அந்நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு கூடி நுரையைக் கெடுத்து, துணியில் சாம்பல்நிறக் கசடாகப் படியும். ஆகவே இங்குச் சவர்க்காரச் செலவு அதிகம்.

1990 யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குச் செல்லும் பொருள்கள்மீது தடை விதிக்கப்பட்டது. மின்சாரம் நின்றது; மண்ணெண்ணெய் அரிதாயிற்று; தடைக்குள்ளான பொருள்களுள் மின்கலத்தோடு சவர்க்காரமும் இருந்தது. தரைப்பாதை அடைபட்டபின் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகில் கடந்து வந்தவர்கள் கொணர்ந்த சிறு பொதிகளே பலருக்குக் கதி. ஒரு கட்டிச் சவர்க்காரம் பொற்காசுபோற் போற்றப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சீலைத்துண்டுகளை நனைக்கும் கைக்குழந்தையுள்ள வீட்டில் அதன் அருமையைச் சொல்லவேண்டுவதில்லை.

அப்பொழுது கைகொடுத்தது பனை. ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களில் உதிரும் பழத்தின் மேற்தோலை நீக்கி, நீரிற் பிசைந்து, களியைத் துணியிற் பூசித் தேய்ப்பர். பழத்திலுள்ள தும்பே தூரிகையாகும். பனங்களியின் கசப்புக்குக் காரணமான சபோனின் வகைப் பொருள்கள் நுரைக்கும் தன்மையுடையன. அவை வன்னீரிலுள்ள கல்சியத்தோடு சவர்க்காரம்போற் கசடாவதில்லை. சன்லைற் கட்டி தடுமாறிய கிணற்றுநீரில் பனம்பழம் தடுமாறாததன் மருமம் இதுவே. பாட்டிமார் அறிந்திருந்து, பேத்திமார் மறந்திருந்த வித்தை இது.

குறையும் இல்லாமலில்லை. களியின் மணம் எளிதில் நீங்காது. கொடியிற் காய்ந்த உடுப்பைப் பசுமாடுகள் பழமென்று சப்பித் தின்ற கதையை அக்கால யாழ்ப்பாணத்தார் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வர். இனிப்பு எஞ்சிய துணியில் எறும்பு மொய்க்கும். சிசுவின் சீலைக்கு அது பேராபத்து. எனவே குழந்தைத் துணியை மட்டும் பலமுறை அலசி, கொதிநீரில் இட்டு எடுத்தல் இன்றியமையாததாயிற்று. அதற்கு விறகும் வேண்டும், கிணற்றில் அள்ளும் கைவலுவும் வேண்டும். பழக்காலம் போனால் அதுவும் இல்லை. தடையின் சுமை தாயின் தோளிலேயே முதலில் இறங்கியது.

1994இல் ஆட்சி மாறியபின் தடை ஓரளவு தளர்ந்தது. ஆனால் 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். மழையில், மரநிழலில், கைக்குழந்தையோடு நின்றவர்க்குக் காய்ந்த பழஞ்சேலை ஒன்று கையிலிருந்தால் அதுவே செல்வம்.

உறையிலிட்ட ஈரத்தாளை 1957இல் அமெரிக்கரான ஆதர் யூலியசு அமைத்தார். உணவுக்கடையிற் கைதுடைக்கவே அது முதலிற் பயன்பட்டது; குழந்தைக்குரியதாக வளர்ந்தது பின்னர். இன்று யாழ்ப்பாணக் கடைகளிலும் அது கிடைக்கிறது. அவற்றுட் பலவற்றில் செயற்கை இழை கலந்திருப்பதால் மண்ணில் எளிதில் மக்குவதில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் இறக்குமதிப் பொருள்களின் விலை பெரிதும் ஏறியபோது, பழைய துணி மீண்டும் நினைவுக்கு வருவதற்கு நியாயம் இருந்தது.

அதனைச் செய்ய விரும்புவோர் நைந்த பருத்தி வேட்டியைச் சாண் அளவாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து உலர்த்தி மூடி வைத்தல் வேண்டும். வேண்டும்போது கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்து, சில துளி தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்ளலாம். வாசனைப் பொருள் சேர்க்கலாகாது. நனைத்ததை அன்றே பயன்படுத்துக. கடைத்தாளில் உள்ள காப்புமருந்து இதில் இல்லையாதலால், ஈரத்துணியை மூடிவைத்தால் மறுநாள் பூஞ்சணம் பிடிக்கும்.