செல்லாக் காசின் கதை

மதிப்பிழந்துபோன மனிதரைச் 'செல்லாக் காசு' என்று சொல்வது நம் பேச்சு வழக்கு. நாணயம் சேர்ப்போரின் உலகிலோ இவ்வழக்குத் தலைகீழாகிவிடுகின்றது. சட்டம் செல்லாது என்று தள்ளிய காசுக்கே அங்கு கிராக்கி அதிகம். பசிபிக் சமுத்திரத்தில் இருந்த ஹவாய் இராச்சியத்தின் வெள்ளி நாணயங்கள் அத்தகையவை.

ஹவாய்த் தீவுகள் அனைத்தும் 1810இல் முதலாம் கமெஹமெஹா மன்னரின் ஆட்சியில் ஒன்றுபட்டன. 1874இல் அரசுகட்டில் ஏறிய கலாக்காவுவா மன்னர் இசையிலும் கவிதையிலும் ஈடுபாடு மிக்கவர். 1881இல் உலகைச் சுற்றிவந்தவர். தம் நாடும் ஏனைய நாடுகளைப் போல் சொந்த நாணயம் உடையதாகத் திகழவேண்டும் என்பது அவர் விருப்பம்.

விருப்பம் மன்னருடையது, முதல் வேறொருவருடையது. ஹவாயின் சீனி வர்த்தகத்தைத் தம் கைக்குள் வைத்திருந்த கிளவ்ஸ் ஸ்பிரெக்கல்ஸ் என்னும் செல்வந்தர் வெள்ளியை வாங்கி நாணயம் அடிப்பித்தார். அதற்கு ஈடாக, நாணயங்களின் முகப்பெறுமதிக்கு, 6 வீத வட்டி தரும் அரசாங்கக் கடன் பத்திரங்களைப் பெற்றுக்கொண்டார். ஒரு டொலர் நாணயத்தில் இருந்த வெள்ளியோ ஒரு டொலர் பெறாது. இடையில் நின்ற இலாபம் வர்த்தகருக்கு, கடன் நாட்டுக்கு.

சார்ள்ஸ் பார்பர் என்னும் அமெரிக்கச் சிற்பி அச்சுருவை அமைத்தார். சான் பிரான்சிஸ்கோ நாணயசாலையில் 5 இலட்சம் டொலர், 7 இலட்சம் அரை டொலர், 5 இலட்சம் கால் டொலர், இரண்டரை இலட்சம் பத்துச் சத நாணயங்கள் அடிக்கப்பட்டன. மொத்தப் பெறுமதி 10 இலட்சம் டொலர். வேலை 1884 வரை நீண்டபோதும் எல்லாவற்றிலும் 1883 என்றே பொறிக்கப்பட்டது.

டொலர் நாணயத்தைக் கையில் எடுத்தால் ஒரு பக்கத்தில் மன்னரின் முகமும், 'ஹவாயின் அரசர்' என்னும் ஆங்கில வாசகமும் தெரியும். மறுபக்கத்தில் அரச இலச்சினையைச் சுற்றி ஹவாய் மொழி. 1843இல், பிரித்தானியர் சில மாதங்கள் பறித்து வைத்திருந்த ஆட்சி மீண்டபோது, மூன்றாம் கமெஹமெஹா சொன்னதாகக் கூறப்படும் வாசகம் அது. மண்ணின் உயிர் அறத்தினால் நிலைபெறும் என்பது அதன் பொருள். 'எயா' என்னும் அம்மொழிச் சொல் உயிரையும் குறிக்கும், இறைமையையும் குறிக்கும்.

அறம் நிலைத்ததா? 1891 ஜனவரியில் கலாக்காவுவா காலமானார். நாணயம் பிறந்த அதே சான் பிரான்சிஸ்கோ நகரிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவருக்குப் பின் ஆண்ட தங்கை லிலியுஒகலானி 1893 ஜனவரியில் பதவி கவிழ்க்கப்பட்டார். அமெரிக்கப் படையினர் கரையிறங்கி நிற்க, வெள்ளை வர்த்தகர் குழுவொன்று அதனைச் செய்தது. 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டன. 1903ஆம் ஆண்டுச் சட்டமொன்று அரசரின் காசுகளை மீளப்பெற வழிசெய்தது. 1904 பிறந்ததும் அவை செல்லாக் காசாயின. திரும்பிய காசுகள், அடிக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோவிலேயே உருக்கப்பட்டன. 5 இலட்சம் டொலர் நாணயங்களில் எஞ்சியவை சுமார் 46 ஆயிரம். அரை டொலரில் 88 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பத்துச் சதக் காசோ ஏறக்குறைய முழுவதும் தப்பிக்கொண்டது.

இன்று இவற்றைத் தேடுவோர் டொலரையே அரிதெனத் தேடுவர். பத்துச் சதம் எளிதிற் கிட்டும். ஆனால் தேயாத பத்துச் சதம் கிட்டுவது அருமை. நினைவுப் பொருளாகச் செய்யப்பட்ட பிரதிகளும் உலவுவதால் நிறையும் பார்ப்பர்: உண்மையான டொலர் புதிதில் 26.73 கிராம்.

சேகரிப்போர் விலை குறைக்கும் காசு ஒன்று உண்டு. பின்புறத்தில் ஊசி பற்றவைத்த தழும்போ, வர்ணப் பூச்சின் சுவடோ உள்ள காசு அது. பொத்தானாகவும் மார்பூசியாகவும் மாற்றி அணியப்பட்ட நாணயம். சந்தைக்கு அது பழுதுபட்டது. எனக்கோ அத்தழும்பே பெரிதாகப்படுகின்றது. உலைக்குப் போகாமல் யாரோ ஒருவர் அந்த முகத்தைத் தம் உடையிற் குத்திக்கொண்டார் அல்லவா? அரசு போயிற்று, கடை வாங்க மறுத்தது, ஆயினும் அணிந்தவர் நெஞ்சில் அக்காசு செல்லுபடியானது.