தொலைபேசிக் கம்பியில் வந்த விளையாட்டு

ஆடுபுலி ஆட்டத்திற்குக் கரிக்கோடு கீறிய ஒரு பாறையும் சில கூழாங்கற்களும் போதும். ஆயின் எதிரே ஓர் ஆள் இருந்தாக வேண்டும். பல்லாங்குழிக்கும் தாயத்திற்கும் சதுரங்கத்திற்கும் இதுவே நிலை. எதிரில் அமர்ந்தவரின் முகத்தைப் பார்த்து ஆடுவதே ஆட்டம் என்று மனித குலம் நெடுங்காலம் கருதி வந்தது. எதிராளி வேறோர் ஊரில் இருக்க, ஆட்டம் மட்டும் நம் வீட்டுக் கூடத்தில் நடைபெறுவதென்பது பிற்காலத்தில் வந்த புதுமை. கைப்பேசி ஏந்திய சிறுவரெல்லாம் இன்று அதனை இயல்பாகக் கொள்கின்றனர். ஆனால் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்துகொண்டால், நம் இல்லங்களில் இன்று எழுந்துள்ள ஒரு கவலைக்குத் தெளிவு பிறக்கும் என்பதால் இங்கு அதனைச் சிறிது விரித்துரைக்க எண்ணுகிறோம்.

தருமபுரிக்குத் தகடூர் என்ற பெயர் வழங்கிய நாளில், அதியமான் தன் கருத்தைத் தொண்டைமானுக்கு உணர்த்த ஔவையாரையே தூதாக அனுப்ப வேண்டியிருந்தது. செய்தி செல்வதற்கே ஆள் நடக்க வேண்டியிருந்த காலத்தில் விளையாட்டு எவ்வாறு ஊர் கடக்கும்? எனினும் சதுரங்கம் நாடு விட்டு நாடு சென்றது. பாரதத்தின் சதுரங்கம் பாரசீகம் புகுந்து, அங்கிருந்து அரபு மக்களிடம் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. நம் யானை பாரசீகத்தில் 'பீல்' எனவும் அரபியில் 'ஃபீல்' எனவும் பெயர் பெற்று, அரபியின் 'அல்' என்னும் முன்னொட்டோடு ஸ்பெயினுக்குப் போய், அந்நாட்டுச் சதுரங்கப் பலகையில் இன்றும் 'அல்ஃபில்' என்றே நிற்கிறது. அப்பாஸிய கலீஃபாக்களின் காலத்தில் அல் அத்லீ, அஸ்ஸூலீ முதலிய வல்லுநர்கள் இவ்வாட்டத்தைப் பற்றி நூல்களே இயற்றினர். கி.பி. 802இல் அரியணை ஏறிய பைஸாந்தியப் பேரரசன் நிகெஃபோரஸ், கலீஃபா ஹாரூன் அல் ரஷீதுக்கு எழுதிய கடிதத்தில், தனக்கு முன்னிருந்த அரசி உம்மைத் தேர்க்காயாகவும் (ருக்) தன்னைச் சிப்பாயாகவும் ஆக்கிக்கொண்டாள் என்று சதுரங்க மொழியிலேயே குறை கூறியதாக வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார்.

ஆட்டம் பரவியதும் மார்க்க அறிஞர்கள் அதனை ஆராய்ந்தனர். ஹனஃபி, ஹன்பலி மத்ஹபுகளின் அறிஞர்கள் கடுமையாகத் தடுத்தனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ வெறுக்கத்தக்கது என்ற அளவில் நிறுத்தினார்கள். இடமளித்த அறிஞர்களும் மூன்று வரம்புகளைத் தவறாது விதித்தனர். பந்தயப் பொருள் வைக்கக் கூடாது. தொழுகை நேரம் தவறக் கூடாது. நாவு இழிசொல்லில் இறங்கக் கூடாது. மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்துத் தடை செய்த 'மைஸிர்' என்னும் சூது, விளையாட்டின் வேடத்தில் வந்துவிடக் கூடாதே என்பதே அவர்களது அச்சம். இம்மூன்று வரம்புகளையும் வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் அவை நமக்கு உரைகல்லாக உதவும்.

தபால் ஒழுங்குபட்ட பிறகு ஆட்டம் கடிதத்தில் ஏறியது. 1824ஆம் ஆண்டு லண்டன் சதுரங்கக் கழகத்திற்கும் எடின்பரோ கழகத்திற்கும் கடித வழியே தொடங்கிய போட்டி 1828இல்தான் முடிவுற்றது. எடின்பரோ வென்றது. ஒவ்வொரு காய் நகர்வுக்கும் பதில் வரும்வரை பல நாள் காத்திருந்தனர். 1844இல் அமெரிக்காவில் மோர்ஸின் தந்திக்கம்பி வாஷிங்டனையும் பால்டிமோரையும் இணைத்த அதே ஆண்டில், அக்கம்பி வழியே இவ்விரு நகரத்தாரும் சதுரங்கம் ஆடினர். புதிய கம்பி எதுவாயினும் செய்தியையும் வணிகத்தையும் அடுத்து அதில் விளையாட்டும் வந்து ஏறிக்கொள்வதை இவ்வரலாறு காட்டுகிறது.

அடுத்து வந்தது தொலைபேசிக் கம்பி. அது மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. கணிப்பொறி அறிந்தவையோ பூஜ்யம், ஒன்று என்னும் இரண்டே குறிகள். அக்குறிகளை ஓசையாக மாற்றிக் கம்பியில் அனுப்பவும், மறுமுனையில் ஓசையை மீண்டும் குறிகளாக மாற்றவும் வல்ல கருவியே 'மோடம்'. ஒருவன் தமிழில் கூறுவதை மற்றொருவன் அரபியில் பெயர்த்துச் சொல்லும் துபாஷியின் பணி போன்றது இதன் பணி. இணைப்பு ஏற்படும் போது கேட்கும் கீச்சொலியும் இரைச்சலும் இரு துபாஷிகளும் எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்று செய்யும் உடன்படிக்கையேயாகும்.

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் விளையாட்டுப் பொறிகளுக்கு இத்தகைய மோடம் துணைக்கருவியாக வந்தது 1983இல். அமெரிக்காவில் வில்லியம் வான் மைஸ்டர் என்பவரின் கன்ட்ரோல் வீடியோ நிறுவனம், அட்டாரி 2600 பொறியில் செருகத்தக்க 'கேம்லைன்' என்னும் பேழையை வெளியிட்டது. தொலைபேசி வழியே விளையாட்டுகளை வீட்டிற்கு இறக்கித் தந்தது அது. இருவரை எதிரெதிரே ஆட வைக்கவில்லை. அவ்வாண்டிலேயே விளையாட்டுப் பொறிச் சந்தை சரிந்ததால் அம்முயற்சி நிலைக்கவில்லை. ஆயினும் அதன் சிதைவிலிருந்து 1985இல் எழுந்த நிறுவனமே 1991இல் 'அமெரிக்கா ஆன்லைன்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, கோடிக்கணக்கான அமெரிக்கரை இணையத்திற்கு அழைத்துச் சென்றது.

ஜப்பானில் நின்டெண்டோ 1988இல் தன் ஃபேமிகாம் பொறிக்கு மோடம் ஒன்றை வெளியிட்டது. பங்குச் சந்தை நிலவரம் அறியவும் வங்கிப் பணிக்கும் அது பயன்பட்டது. நம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. பிள்ளைகளின் விளையாட்டுப் பொறிக்கு வந்த அத்துணைக்கருவி, பெரியவர்கள் வீட்டிலிருந்தபடியே குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதற்கே மிகுதியாகப் பயன்பட்டது. நம் ஃபுகஹாக்கள் அஞ்சிய கதவு, தொடக்கத்திலேயே திறந்துகொண்டது!

1990இல் ஸெகா நிறுவனம் தன் மெகா டிரைவ் பொறிக்கு ஜப்பானில் 'மெகாநெட்' சேவையை அமைத்தது. அது பரவவில்லை. கம்பி வழி எதிராட்டத்தை இல்லங்களில் நிலைநாட்டியது 1994இல் அமெரிக்காவில் கட்டபுல்ட் நிறுவனம் வெளியிட்ட 'எக்ஸ்பேண்ட்' என்னும் துணைக்கருவியாகும். விளையாட்டுப் பேழைக்கும் பொறிக்கும் இடையே அது செருகப்படும். ஆட விரும்புகிறவர் அதனை இயக்கினால், அது மையக் கணிப்பொறியைத் தொலைபேசியில் அழைத்து 'இன்ன ஆட்டத்திற்கு ஆள் தேவை' என்று பதிவு செய்யும். மையம் தக்க எதிராளியைத் தேடி, ஒருவரைக் காத்திருக்கச் சொல்லி, மற்றவரின் பொறிக்கு அவர் எண்ணைக் கொடுக்கும். பின்னர் இரு வீடுகளும் நேரடித் தொலைபேசி அழைப்பில் இணையும்.

அதன் வேகம் வினாடிக்கு 2400 பிட். ஏறத்தாழ 300 எழுத்துகள். படங்களை அனுப்ப இது போதாது. ஆகவே படத்தை அனுப்பாமல், இன்ன வினாடியில் இன்ன பொத்தான் அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டும் அனுப்பினர். ஒரே விளையாட்டுப் பேழை இரு வீடுகளிலும் இருப்பதால், ஒரே வகைப் பொத்தான் அழுத்தங்களைப் பெற்ற இரு பொறிகளும் ஒரே ஆட்டத்தைத் தாமே வரைந்துகொண்டன. கடித வழிச் சதுரங்கத்தில் பலகையை அனுப்பாது நகர்வை மட்டும் எழுதி அனுப்பிய முறையே இது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் இருந்த முறைக்கு மின்னின் வேகம் கிடைத்தது என்போம். 1997இல் இச்சேவை நிறுத்தப்பட்டது. அதன்பின் ஸெகாவின் சாட்டர்ன் பொறிக்கு 1996இல் வந்திருந்த 'நெட்லிங்க்' மோடமும், 1998இல் ஜப்பானிலும் 1999இல் அமெரிக்காவிலும் மோடத்தை உடன்கொண்டே விற்கப்பட்ட ட்ரீம்காஸ்ட் பொறியும் அவ்வழியைத் தொடர்ந்தன. 2000ஆம் ஆண்டிறுதியில் ட்ரீம்காஸ்டில் வந்த 'பேண்டஸி ஸ்டார் ஆன்லைன்' என்னும் ஆட்டத்தில், ஜப்பானியர் தேர்ந்தெடுக்கும் சொற்றொடரை எதிரிலிருக்கும் ஆங்கிலேயரோ பிரெஞ்சுக்காரரோ தம் மொழியில் காணும் ஏற்பாடு இருந்தது. மொழி கற்பிக்கும் நம் போன்றோருக்கு இது மகிழ்வளிக்கும் செய்தியாகும்.

அரபு உலகமும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. குவைத்தைச் சேர்ந்த முஹம்மத் அல் ஷாரிக் 1982இல் 'ஸக்ர்' நிறுவனத்தை நிறுவி, அரபி எழுத்தில் இயங்கும் வீட்டுக் கணிப்பொறிகளை அளித்தார். அவற்றுள் ஒரு வகை, கணிப்பொறியையும் ஸெகாவின் மெகா டிரைவ் விளையாட்டுப் பொறியையும் ஒரே பெட்டியில் கொண்டிருந்தது. திருக்குர்ஆனையும் ஹதீஸ் நூல்களையும் கணிப்பொறியில் தேடிப் படிக்கும் வசதியைத் தந்த முன்னோடிகளுள் அந்நிறுவனமும் ஒன்று. இப்பணிக்காக அவருக்கு 2021இல் மன்னர் ஃபைஸல் பரிசு வழங்கப்பட்டது. கல்வியையும் விளையாட்டையும் ஒரே மேசையில் வைக்கலாம் என்று அவர் காட்டினார்.

இனி நம் நாட்டு நிலையைக் காண்போம். எக்ஸ்பேண்டும் நெட்லிங்கும் இங்கு இல்லங்களில் வேரூன்றாததற்குக் காரணங்கள் தெளிவானவை. 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் மெகா டிரைவ் பொறியை இந்தியாவில் விற்றபோது அதன் விலை சுமார் 18,000 ரூபாய். 1991இல் நாடு முழுவதற்கும் இருந்த தொலைபேசி இணைப்புகள் சுமார் 50 லட்சமே. விண்ணப்பித்தோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1984இல் அமைந்த சி-டாட் நிறுவனம் நம் வெப்பத்திற்கும் தூசிக்கும் ஏற்ற சிறு தொலைபேசி நிலையத்தை வடிவமைத்து, 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவிய பின்னரே சிற்றூர்கள் மெல்ல இணைந்தன. 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் வி.எஸ்.என்.எல். இணையச் சேவையைப் பெருநகரங்களில் தொடங்கியது. அதற்குக் கட்டணம் மிகுதியாக இருந்தது. அன்று தருமபுரியிலிருந்து இணைய விரும்பியவர் அதற்கு மேல் எஸ்.டி.டி. அழைப்பின் கட்டணத்தையும் நிமிடக் கணக்கில் செலுத்த வேண்டியிருந்திருக்கும். அரபு நாட்டிலிருக்கும் தந்தையின் குரலைச் சில நிமிடங்கள் கேட்பதற்கே எஸ்.டி.டி. பூத்தின் வாயிலில் குடும்பத்தோடு காத்திருந்த காலத்தில், கம்பியில் விளையாட்டுக்கு இடமேது?

ஆகவே நம் மக்கள் அந்தப் படியைத் தாண்டி, நேரே கைப்பேசிக்கு வந்து சேர்ந்தனர். அந்த இடைப்படியில் கற்றிருக்கக் கூடிய பாடங்கள் நமக்குக் கிட்டவில்லை. மோடம் இருந்த வீட்டில் விளையாட்டுப் பொறி தொலைக்காட்சியோடு கூடத்தில் இருந்தது. தொலைபேசியோ வீட்டார் அனைவருக்கும் பொது. பிள்ளை ஆடும்போது வேறெவரும் பேச இயலாது. வேறெவரேனும் இணைக் கருவியை எடுத்தால் ஆட்டம் அறுபடும். எனவே பெற்றோரின் அனுமதியின்றி ஆட்டம் தொடங்குவது அரிது; மாத இறுதியில் தொலைபேசிச் சீட்டு உண்மையைச் சொல்லிவிடும். கருவியின் குறைபாடே அங்குக் காவலாக இருந்தது. இன்று அக்குறைகள் நீங்கின. அவற்றோடு காவலும் நீங்கிற்று.

அதன் விளைவை நம் மாநிலம் கண்டது. இணையவழி ரம்மியில் பொருளிழந்து உயிரை மாய்த்துக்கொண்டோர் செய்திகள் அடுத்தடுத்து வரவே, தமிழ்நாடு அரசு 2022இல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து, இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. ஆளுநர் திருப்பியனுப்ப, பேரவை 2023 மார்ச்சில் அதனை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனக் கூறி அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கியது. 2025இல் மாநில விதிமுறைகள், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடுத்தன. தஹஜ்ஜுதுக்குரிய நேரமன்றோ அது! அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நாடு முழுதும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

திறமையா, தற்செயலா என்று நீதிமன்றங்கள் ஆராய்ந்தன. நம் முன்னோர்களோ ஷத்ரஞ்சில் திறமை உண்டென்பதை மறுக்காமலேயே, பணயம் உண்டா, நேரம் பறிபோகிறதா, நாவு கெடுகிறதா என்று வினவினர். வீட்டுத் தலைவருக்கு இவ்வினாக்களே எளிதும் பயனுடையதும் ஆகும்; பிள்ளையின் அருகே அமர்ந்து ஒரு நாழிகை பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

மூன்று வினாக்களுக்கும் நல்விடை கிடைக்குமாயின், தொலைவாட்டத்தை முற்றிலும் பகைக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு என்று கொள்ளும் ஒரு குடும்பத்தில், துபாயிலோ ரியாத்திலோ பணிபுரியும் தந்தை இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் தருமபுரியிலிருக்கும் மகனோடு ஒரு சதுரங்கம் ஆடுவாராயின், ஆண்டுக்கணக்கில் பிரிந்து வாழும் அவ்விருவருக்கும் அது உரையாடலுக்கு ஒரு வாயில். தந்தையின் நகர்வுக்காக மகன் காத்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில், பள்ளிக்கூடத்தைப் பற்றியும் உம்மாவின் உடல்நலத்தைப் பற்றியும் இரண்டு சொல் பேசிக்கொள்ளலாம்.