பச்சை உடம்பு

ஆலங்காயத்தில் பிள்ளை பெற்ற வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் வேண்டியதில்லை. சுக்கும் மிளகும் பூண்டும் நல்லெண்ணெயில் வதங்குகிற வாசனை தெருமுனைக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகும். அந்த வீட்டுக்குள் இருப்பவளுக்குப் பச்சை உடம்புக்காரி என்று பெயர். எந்த டாக்டரும் இதைவிடப் பொருத்தமான ஒரு சொல்லை உண்டாக்கியிருக்க முடியாது என்று நான் நினைப்பதுண்டு.

எங்கள் தெருவில் அப்படிப்பட்ட ஒருத்தி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும், விடியற்காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். கல்லூரியில் பந்தயங்களில் ஓடிய பெண். அவ்வளவுதான், ஊர் வாய் திறந்துகொண்டது. "பச்ச ஒடம்ப வெச்சிகினு இன்னாத்துக்குடி இந்த ஓட்டம்? கர்ப்பப்பை எறங்கிடப் போவுது!" என்றாள் எதிர்வீட்டுக் கிழவி.

அதே கிழவி, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்ணிடம் புளிக்குப் பேரம் பேசுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் தலையில் கூடை, முதுகுத் துணியில் கைக்குழந்தை. மலைப்பாதையில் எவ்வளவு தூரம் நடந்தாளோ! அவளைப் பார்த்துப் 'பச்சை உடம்பு' என்று ஒரு வார்த்தை உண்டா? கிடையாது. இன்னும் ஒரு கை அள்ளிப் போடச் சொல்லிச் சண்டைதான் உண்டு.

ஆகவே சங்கதி உடம்பைப் பற்றியது மட்டும் அல்ல. தாயானவள் பிறருக்காக எவ்வளவு சுமந்தாலும், எவ்வளவு தூரம் நடந்தாலும் யாரும் தடுப்பதில்லை. தனக்கென்று அரை மணி நேரம் ஓடினால்தான் கர்ப்பப்பையின் ஞாபகம் வருகிறது. இதில் எங்கள் தெருக் கிழவி தனியாக நிற்கவில்லை. மேல்நாட்டுப் பெரிய மனிதர்கள் பலர் அவளுக்குத் துணையாக இருந்திருக்கிறார்கள்.

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்களை ஓட்டப் பந்தயங்களில் சேர்த்தார்கள். 800 மீட்டர் ஓட்டத்தில் ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிஷம் 16.8 வினாடியில் வென்றார். ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாவதாக வந்தார். ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் மறுநாள் பத்திரிகைகளைப் படித்தவர்கள், அங்கே நடந்தது பந்தயமா, யுத்தமா என்று திகைத்திருப்பார்கள். பெண்கள் மூர்ச்சையாகி விழுந்தார்களாம், பாதியில் நின்றார்களாம், பார்க்கவே பரிதாபமாம்! அரை மைல் ஓடிவிட்டு ஆண்பிள்ளை புல்தரையில் சாய்ந்தால் அதற்கு வீரம் என்று பெயர். பெண் சாய்ந்தால் அது பலவீனம். இப்படி ஓடினால் அகாலத்தில் முதுமை வரும் என்று வைத்திய சாஸ்திரத்தையும் சாட்சிக்கு அழைத்தார்கள். முடிவு என்ன தெரியுமா? அந்தப் பந்தயமே ஒலிம்பிக்கிலிருந்து எடுக்கப்பட்டது. 1960-இல் ரோமாபுரியில்தான் அது திரும்பி வந்தது. 32 ஆண்டு! கன்னிப் பெண்ணுக்கே 200 மீட்டருக்கு மேல் ஆகாது என்றிருந்த காலத்தில், பிள்ளை பெற்றவளைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்காமலே ஒருத்தி ஓடினாள். ஹாலந்து தேசத்து ஃபானி பிளாங்கர்ஸ்-கோன். மகன் பிறந்ததும் இவள் கதை முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினார்கள். சில வாரங்களில் அவள் மைதானத்துக்கு வந்துவிட்டாள். யுத்தமும் பஞ்சமும் சூழ்ந்த அந்த ஆண்டுகளிலேயே உலக சாதனைகள் செய்தாள். பிறகு ஒரு மகள். அது பிறந்த சில மாதங்களில், 1946-இல் ஆஸ்லோவில் நடந்த ஐரோப்பியப் பந்தயத்தில், தடை ஓட்டத்திலும் தொடர் ஓட்டத்திலும் முதல் பரிசு. குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து அழைத்துக்கொண்டுதான் பயிற்சிக்குப் போவாளாம்.

1948-இல் லண்டன் ஒலிம்பிக் வந்தபோது அவளுக்கு வயது 30, பிள்ளைகள் இரண்டு. வயதாகிவிட்டது என்று சொல்லி வைத்தார் பிரிட்டிஷ் அணியின் மானேஜர் ஜாக் கிரம்ப். வீட்டில் இருந்து குழந்தைகளைக் கவனிக்கச் சொல்லிக் கடிதங்களும் வந்தன. அவள் 100 மீட்டர், 80 மீட்டர் தடை ஓட்டம், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று நான்கு தங்கப் பதக்கம் வாங்கினாள். உயரத் தாண்டுதலிலும் நீளத் தாண்டுதலிலும் உலக சாதனை அவள் பேரில்தான் இருந்தது. தனிப் போட்டி மூன்றுக்கு மேல் கூடாது என்ற விதிதான் குறுக்கே நின்றது.

இந்த வெற்றிகளைவிட என் மனசில் நிற்பது வேறொன்று. இரண்டு தங்கம் வாங்கிய பிறகு, 200 மீட்டர் அரையிறுதிக்கு முன்னால், குழந்தைகளை நினைத்து உடைந்து அழுதிருக்கிறாள். போதும், வீட்டுக்குப் போகிறேன் என்றாளாம். அவளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்த ஆசிரியரும் கணவருமான யான் பிளாங்கர்ஸ் சமாதானம் செய்து ஓட வைத்தார். கடைசிப் பந்தயத்தன்று மழைக்கோட்டு வாங்கக் கடைக்குப் போய்விட்டு, நேரத்துக்கு வந்து சேர்வதே பெரும்பாடாகிவிட்டது! பத்திரிகைக்காரர்கள் அவளைப் 'பறக்கும் இல்லத்தரசி' என்று கொண்டாடினார்கள். பிள்ளை குட்டி உள்ள ஆண்பிள்ளை ஓடி ஜெயித்தால் அவரைப் 'பறக்கும் குடும்பத் தலைவர்' என்று யாரும் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஊர் திரும்பியவளுக்குக் கிடைத்த பரிசு ஒரு சைக்கிள். இனி ஓடிக் களைக்க வேண்டாமாம். 1999-இல் சர்வதேசத் தடகள சம்மேளனம் அவளை அந்த நூற்றாண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது.

அப்படியானால் கிழவி சொன்னது வெறும் பிதற்றலா? அப்படி நான் சொல்ல மாட்டேன். கர்ப்ப காலத்தில் சுரக்கும் நீர்கள் மூட்டு நார்களைத் தளர்த்துகின்றன. வயிற்றுத் தசைகள் நடுவே விலகிப் போகின்றன. கர்ப்பப்பையையும் மூத்திரப் பையையும் அடியில் நின்று தாங்குகிற தசைகள் நைந்திருக்கின்றன. வயிற்றைக் கீறி எடுத்த பிரசவமானால் உள்காயம் ஆற இன்னும் பல மாதம் ஆகும். பிரிட்டனில் இயன்முறை மருத்துவர்கள் மூவர் 2019-இல் ஒரு வழிகாட்டி எழுதினார்கள். பிரசவத்துக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் ஓட்டம் வேண்டாம், முதலில் நடை, அடித்தசைக்குப் பயிற்சி. அடிவயிறு கனத்தாலோ, தும்மும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசிந்தாலோ வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். பச்சை உடம்பு என்பது மெய்தான். ஆனால் பச்சை மண்ணும் ஒருநாள் காய்கிறது. கிழவி தன் கணக்கில் அந்த நாளைக் குறிக்க மறந்துவிட்டாள்.

உடம்பு காய்ந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அவள் ஓடும் நேரத்தில் குழந்தையை யார் வைத்துக்கொள்வது? அடுப்பை யார் பார்ப்பது? சம்பளம் யார் கொடுப்பது? அமெரிக்காவின் அலிசன் ஃபீலிக்ஸ் 2018 நவம்பரில், 32 வாரத்திலேயே அறுவைச் சிகிச்சையில் மகளைப் பெற்றார். பிள்ளைப்பேற்றைக் காரணம் காட்டிச் செருப்புக் கம்பெனி பணத்தைக் குறைக்கப் பார்த்ததை 2019 மே மாதம் பத்திரிகையில் போட்டு உடைத்தார். அதே ஆண்டு தோஹாவில் மறுபடி தங்கம் வாங்கினார். நம் பி.டி. உஷா 1990-இல் பந்தயத்தை விட்டு, கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, கணவர் ஸ்ரீனிவாசன் தூண்டியதால் திரும்பி வந்தவர். 1998-இல் ஃபுகுவோகாவில் நடந்த ஆசியப் பந்தயத்தில், 34 வயதில், 200 மீட்டரிலும் 400 மீட்டரிலும் வெண்கலம் வாங்கினார். தொடர் ஓட்டத்தில் தங்கம். பின்னால் நின்று பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. அந்தக் கை இல்லாதவர்கள் எத்தனை பேரோ!

ஒலிம்பிக்கிலிருந்து துரத்தப்பட்ட அந்த 800 மீட்டர் நம்முடைய சென்னையில் ஒரு தாயின் காலில் வந்து சேர்ந்த கதையும் உண்டு. ஷைனி வில்சன் பிறந்தது கேரளத்தில். உணவுக் கழகத்தில் உத்தியோகம், சென்னையில் குடித்தனம். கணவர் வில்சன் செரியன் நீச்சல் வீரர். 1986-இல் சியோல் ஆசியப் பந்தயத்தில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, உரிய இடத்துக்கு முன்பே தன் கோட்டைத் தாண்டியதற்காகத் தள்ளப்பட்டவர். குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்தார். 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் இந்தியக் கொடியை ஏந்தி நடந்தார். அதற்கு முன் எந்த இந்தியப் பெண்ணும் அப்படி நடந்ததில்லை. 1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டு விழா. ஃபானி லண்டனில் ஓடியபோது என்ன வயதோ அதே 30 வயது ஷைனிக்கு. மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து கோட்டைத் தொட்டபோது கடிகாரம் காட்டியது 1 நிமிஷம் 59.85 வினாடி. இரண்டு நிமிஷத்துக்குள் ஓடிய முதல் இந்தியப் பெண். லீனா ராட்கேயைவிட ஏறத்தாழ 17 வினாடி குறைவு. மூர்ச்சையாகி விழுந்தார் என்று யாரும் எழுதவில்லை.

அந்தக் கணக்கை முறியடிக்க இன்னொரு பெண்ணுக்குப் பதினைந்து ஆண்டு பிடித்தது. 2010-இல் குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரத்தில் டின்டு லூக்கா 1 நிமிஷம் 59.17 வினாடியில் ஓடினாள். அவளுக்கு ஓட்டம் பழக்கியவர் பி.டி. உஷா.