சாபமா, சாயமா?

உறையூர் அழிந்தது எப்படி? ஊர்ப் பெரியவர் எவரையேனும் கேளுங்கள். உடனே கதை வரும். சாரமா முனிவர் சிவனுக்கென்று நந்தவனம் அமைத்தாராம். அந்த மலர்களைப் பறித்து ஒருவன் அரசனிடம் கொடுத்தானாம், அரசி சூடினாளாம். முனிவர் முறையிட, ஈசன் வெகுண்டெழுந்து மண்மாரி பொழிந்தானாம். மாடமும் கூடமும் மண்ணுக்குள் மறைந்தனவாம்! பறித்தவன் ஒருவன், சூடியவள் ஒருத்தி. புதைந்ததோ ஊர் முழுவதும்! குற்றம் ஓரிடத்தில், தண்டனை வேறிடத்தில். இதற்குப் பெயர் நீதியாம், அதிலும் தெய்வ நீதியாம்!

1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரின் மண்ணை அகழ்ந்து பார்த்தனர். சாபத்தின் சுவடு அங்கே கிடைக்கவில்லை. செங்கல்லால் கட்டப்பட்ட சாயத் தொட்டி கிடைத்தது! ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், சோழர் தலைநகரில், துணிக்கு வண்ணம் ஏற்றிய உழைப்பாளியின் தொட்டி அது. கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்னும் நூல், 'அர்கரு' என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பர் அறிஞர். புராணம் மண்ணைக் காட்டி அஞ்ச வைத்தது. வரலாறு அதே மண்ணைத் தோண்டி, உழைத்தவன் கைவண்ணத்தை நம் கண்முன் வைத்தது.

அந்நாளில் அவுரியும் சாயவேரும் வண்ணம் தந்தன. 1856இல் பதினெட்டு வயது ஆங்கில இளைஞன் பெர்கின், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக்கொண்டு ஊதாச் சாயத்தை ஆக்கிக் காட்டினான். 1897இல் ஜெர்மன் ஆலையின் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. அறிவின் வெற்றி அது, வாழ்த்துகிறோம். ஆனால், 1895லேயே ரேன் என்ற ஜெர்மானிய மருத்துவர், சாய ஆலைத் தொழிலாளரின் சிறுநீர்ப்பையில் புற்று தோன்றுவதை எடுத்துரைத்தாரே! ஆடைக்கு வண்ணம், ஆலை முதலாளிக்கு வருவாய், அதை ஆக்கியவனுக்கோ நோய்! பழைய மண்மாரிக் கதையின் நீதி, ஆலைக்குள்ளும் நுழைந்துவிட்டது.

அந்த நீதி நம் வாசலுக்கும் வந்தது. உறையூருக்கு மேற்கே, காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். அதன் கரையில் திருப்பூர். உலகமெல்லாம் உடுத்தும் பனியன் அங்கே உருவாகிறது. பருத்தியில் சாயம் பற்றுவதற்கு உப்பு ஏராளமாக வேண்டும். கழிவுநீரின் நிறத்தை நீக்கினாலும், கரைந்த உப்பு எளிதில் நீங்காது. அந்த நீர் ஆண்டுக்கணக்கில் ஆற்றிலே விடப்பட்டது. பாசனத்துக்கென்று 1992இல் ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. உழவன் எதிர்பார்த்தது புனல். தேங்கியதோ சாயக் கழிவு! கிணறுகள் உப்பாயின, நிலம் பாழ்பட்டது. 'அணையைத் திற' என்று கேட்பதுதான் உழவர் வழக்கம். 'அணையைத் திறக்காதே' என்று உழவர் கதறிய கொடுமையை நொய்யல் கண்டது!

எவன் சாபம் இது? எந்த நந்தவனத்து மலரை எந்த உழவன் பறித்தான்?

'எல்லாம் தலைவிதி' என்று அவர்கள் இருந்துவிடவில்லை. வழிபாட்டு மன்றத்தை நாடாமல் வழக்கு மன்றத்தை நாடினர். 2006இல் உயர்நீதிமன்றமும் 2009இல் உச்சநீதிமன்றமும் ஆற்றில் கழிவை விடலாகாது என்றன. அப்படியும் நில்லாததால், 2011 சனவரியில் எழுநூறுக்கு மேற்பட்ட சாய ஆலைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்கும் முன்பே, பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் உரைத்தது: கெடுத்தவனே ஈடுகட்ட வேண்டும், தீங்கு வருமுன் தடுக்க வேண்டும், தூய நீரும் காற்றும் உயிர்வாழும் உரிமையின் பகுதி. சலுகை அல்ல தோழர்களே, உரிமை!

ஆலை மூடியபோது, அங்கே உழைத்தவன் கூலி இழந்தான். 'ஆறா, சோறா?' என்று அவனைக் கேட்டனர். வஞ்சகமான கேள்வி! ஆற்றைக் கெடுத்து வந்த இலாபத்தில் அவனுக்குப் பங்கு தந்தவர் உண்டா? ஆற்றைக் காக்கும் செலவை மட்டும் அவன் வயிற்றில் ஏற்றுவது எந்த அறம்? இன்று ஆலைகள் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. சுத்திகரிப்பில் எஞ்சும் சேறோ, சட்டப்படி அபாயக் கழிவு. அதை அள்ளுகிறவன் யார்? கழிவுத் தொட்டிக்குள் இறங்கி மூச்சுமுட்டி மாண்டவர்கள் யார்? பாதுகாப்பின்றி அப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனினும், 'இறங்கு' என்ற கட்டளை இன்றும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவனை நோக்கித்தானே பாய்கிறது! நஞ்சு சாதி பார்ப்பதில்லை. நஞ்சை அள்ள ஆள் தேடுகிறவன் பார்க்கிறான்.

இன்னொன்றும் எண்ணுங்கள். புற்றுநோய்க்கு வழிவகுக்கும் சிலவகைச் சாயங்களுக்கு ஜெர்மனி 1994இல் தடைச்சட்டம் கொண்டுவந்தது. உடுத்துவோர் தோலைக் காக்கும் சட்டம் அது. வாங்குபவன் 'வேண்டாம்' என்றதும் நம் நாட்டு வாணிகம் பணிந்தது. 1997இல் இங்கும் தடை வந்தது. சீமையில் உடுத்துபவன் தோலுக்குக் கிடைத்த மதிப்பு, நொய்யல் கரையில் குடிப்பவன் குடலுக்குக் கிடைக்க எத்தனை ஆண்டு வழக்காட வேண்டியிருந்தது! 2022 சூலையில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தூய சுற்றுச்சூழல் மனிதன் ஒவ்வொருவனின் உரிமை என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்துக்கு உயிரூட்ட வேண்டியவர் நாம்.

ஆடிப் பதினெட்டில் காவிரியைத் தாயென்று கும்பிட்டு மலர் தூவுகிறோம். மறுநாள் அவள் மடியில் கொட்டப்படும் கழிவைக் கண்டு வாய்மூடி நிற்கிறோம். மலர் வேண்டாம் அவளுக்கு; நம் வாய் திறந்தால் போதும்! மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்க் கால்வாயின் கரைக்குச் செல்லுங்கள். எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது, எதைக் கொட்டுகிறது என்று பாருங்கள், எழுதுங்கள், அதிகாரியைக் கேளுங்கள். மண்மாரிக்கு முகவரி கிடையாது. கழிவுக் குழாய்க்கு முகவரி உண்டு!